எறும்பு ஏறும் செடியைத் திருப்பிப் பாருங்கள்

‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்ற பழமொழியைக் கரும்பலகையில் எழுதிப் போடாத பள்ளி நம் மாநிலத்தில் இருக்காது. விடாமுயற்சிக்கு எறும்பு, சுறுசுறுப்புக்கு எறும்பு, சேமிப்புக்கு எறும்பு, ஒற்றுமைக்கு எறும்பு என்று நான்கு பாடங்களை அந்தச் சின்ன உயிரின் முதுகில் ஏற்றிவிட்டோம். தன் எடையைவிடப் பல மடங்கு சுமக்கக்கூடியதுதான் எறும்பு. ஆனால், இத்தனை நீதிகளையும் அது சுமப்பதால் அதன் உண்மையான வாழ்க்கை வகுப்பறையில் நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்துவரும் எனக்கு இது பாடநூலோடு முடிந்துவிடும் விஷயமாகத் தோன்றவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரித் தோப்புகள் இருக்கின்றன. நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் அந்த வயல்களிலிருந்தும் தோப்புகளிலிருந்தும்தான் வருகிறார்கள். கட்டெறும்பு, சிற்றெறும்பு, செவ்வெறும்பு, பிள்ளையார் எறும்பு, முசுறு என்று அவர்களே பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். எது கடிக்கும், எது கடிக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்த இந்த இடத்திலிருந்து தொடங்கி, எறும்புகளின் கூட்டு வாழ்க்கை எப்படி நடக்கிறது, அது அவர்கள் வீட்டு வயலை எப்படித் தொடுகிறது என்பதுவரை கொண்டுசெல்ல முடியும்.

எறும்பின் வயதைச் சொல்லவும் நம் மாவட்டத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருப்போம். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரம் என்று அங்கே சொல்வார்கள். பிரேசிலில் கிடைத்து 2025-இல் அறிவிக்கப்பட்ட எறும்புப் புதைபடிவம் ஏறத்தாழ 11 கோடியே 30 லட்சம் ஆண்டு பழமையானது. அதாவது, கல்மரத்தின் காலத்தை ஒட்டி வந்த உயிரினம் இன்றும் நம் பள்ளி வராந்தாவில் வரிசை போட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. உலகில் மொத்தம் 20,000 லட்சம் கோடி எறும்புகள் இருக்கலாம் என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியுள்ளன.

வரிசையைப் போட்டது யார்?

எறும்பு வரிசையைப் பார்க்கும் பிள்ளை முதலில் கேட்பது, “முன்னால போற எறும்புதான் தலைவரா சார்?” என்பதுதான். நல்ல கேள்வி. வரிசையில் தலைவர் யாரும் இல்லை என்பதே பதில்.

உணவைக் கண்ட எறும்பு திரும்பி வரும்போது தன் வயிற்றுப் பகுதியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு வேதிப்பொருளை விட்டுக்கொண்டே வருகிறது. அந்த வாசனையை முகர்ந்து அடுத்த எறும்பு போகிறது. அதற்கும் உணவு கிடைத்தால் அதுவும் வாசனை விடுகிறது. போகப் போக வாசனை கூடுகிறது. கூடக் கூட இன்னும் பல எறும்புகள் வருகின்றன. உணவு தீர்ந்துவிட்டால் திரும்பி வரும் எறும்பு வாசனை விடுவதில்லை. விட்டிருந்ததும் ஆவியாகிப் போகிறது. வரிசை தானாகக் கலைகிறது. பழமொழி சொல்வதற்கு நேர் எதிராக, எறும்பு ஊர ஊரப் பாதை தேய்வதில்லை, வலுப்பெறுகிறது.

இந்த எளிய விதி எவ்வளவு தூரம் போகும் என்பதை பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ழான்-லூயி டெனபூர் குழுவினர் 1980-களின் இறுதியில் சோதித்துப் பார்த்தார்கள். எறும்புக் கூட்டுக்கும் உணவுக்கும் இடையே நீளமான பாலம் ஒன்றும் குட்டையான பாலம் ஒன்றும் வைத்தார்கள். தொடக்கத்தில் எறும்புகள் இரண்டிலும் போயின. சிறிது நேரத்தில் பெரும்பாலானவை குட்டைப் பாலத்துக்கு மாறிவிட்டன. எந்த எறும்பும் இரண்டையும் அளந்து பார்க்கவில்லை. குட்டைப் பாலத்தில் போனவை சீக்கிரம் திரும்பின. அதனால் அந்தப் பாலத்தில் வாசனை சீக்கிரம் சேர்ந்தது. கணக்குத் தெரியாத உயிர்கள் கூடி ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டன. இத்தாலியைச் சேர்ந்த மார்கோ டொரிகோ இந்த முறையை 1992-இல் கணினிக்குக் கொண்டுவந்தார். பல ஊர்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகள் எந்த வழியில் போனால் தூரம் குறையும் என்பது போன்ற கணக்குகளுக்கு அது இன்று பயன்படுகிறது.

ராணி ஆள்வதில்லை

‘ராணி எறும்பு’ என்ற பெயரே நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. ராணி என்றதும் சிம்மாசனமும் கட்டளையும் நினைவுக்கு வருகின்றன. கூட்டில் ராணியின் வேலை முட்டையிடுவதுதான். இன்று எத்தனை பேர் இரை தேடப் போக வேண்டும், யார் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அது உத்தரவிடுவதில்லை.

அப்படியென்றால் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா கார்டன், அரிசோனா பாலைவனத்தில் விதை சேகரிக்கும் எறும்புகளைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார். கூட்டின் வாசலில் காத்திருக்கும் எறும்பு, விதையோடு திரும்பும் எறும்புகளை உணர்கொம்பால் தொட்டு அறிகிறது. அடிக்கடி தொடுகை கிடைத்தால் வெளியே விதை நிறைய இருக்கிறது என்று பொருள், அதுவும் கிளம்பிவிடும். தொடுகைகள் குறைந்தால் உள்ளேயே இருந்துவிடும். கட்டளை என்று எதுவும் இல்லை. சந்திப்புகள் மட்டுமே இருக்கின்றன.

ராணியே இல்லாத எறும்புகளும் உண்டு. அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் நாட்டில் வாழும் டயாகாமா என்ற எறும்பு வகையில் ராணி என்று தனியாக ஒரு பிறவி கிடையாது. வேலைக்கார எறும்புகள் எல்லாமே முதுகில் சிறு மொட்டுப் போன்ற உறுப்போடு பிறக்கின்றன. முட்டையிடும் எறும்பு, புதிதாகப் பிறப்பவற்றின் மொட்டுகளைக் கடித்து எடுத்துவிடும். மொட்டை இழந்தது வேலைக்காரியாகவே இருந்துவிடும். தென்னிந்தியாவின் தாவும் எறும்பின் கதை இன்னும் வியப்பானது. சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ஜெர்டன் 1851-இல் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டு எழுதியபோது உலகுக்கு அறிமுகப்படுத்திய எறும்பு அது. ராணி இறந்துவிட்டால் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்பால் மோதிப் பல நாள் போட்டி நடத்துகின்றன. வெல்பவை முட்டையிடத் தொடங்குகின்றன. அவற்றின் மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. ஆனால் சில மாதங்களே வாழ வேண்டியவை ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றை மீண்டும் வேலைக்காரிகளாக மாறச் செய்தால் சுருங்கிய மூளை பழையபடி வளர்கிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டு செய்திகள், நமக்காக

எறும்புகளைப் பற்றிய ஆயிரம் செய்திகளில் இரண்டு, ஆசிரியர்களாகிய நமக்கென்றே எழுதப்பட்டவை போல இருக்கும்.

முதலாவது, சுறுசுறுப்பு பற்றியது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் டேனியல் சார்போனோவும் அன்னா டார்ன்ஹவுஸும் ஒரு சிறிய வகை எறும்பின் கூடுகளில் ஒவ்வோர் எறும்புக்கும் வண்ணப்புள்ளி வைத்துக் கவனித்தார்கள். ஏறத்தாழ 40 விழுக்காடு எறும்புகள் பெரும்பாலான நேரம் எந்த வேலையும் செய்யவில்லை. பிறகு, மிகவும் சுறுசுறுப்பான 20 விழுக்காட்டு எறும்புகளைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள், அதுவரை சும்மா இருந்தவற்றிலிருந்து வந்த எறும்புகள் அந்த இடத்தை நிரப்பிவிட்டன. சும்மா இருப்பவை சோம்பேறிகள் அல்ல, கூட்டின் கையிருப்பு. கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எறும்பைக் காட்டித் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கற்பித்தல் பற்றியது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைஜல் ஃபிராங்ஸும் டாம் ரிச்சர்ட்சனும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரை இருக்கும் இடம் தெரிந்த எறும்பு, தெரியாத எறும்பு ஒன்றை மட்டும் பின்னால் அழைத்துக்கொண்டு போகிறது. பின்னால் வருவது அவ்வப்போது நின்று சுற்றுமுற்றும் பார்த்து வழியை மனதில் பதித்துக்கொள்கிறது. அதுவரை முன்னே செல்வது காத்து நிற்கிறது. பின்னால் வருவது உணர்கொம்பால் தட்டிய பிறகே அடுத்த அடி வைக்கிறது. தனியாகப் போனால் நான்கு மடங்கு வேகத்தில் போயிருக்கும். கற்பவருக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதும், கற்பவரிடமிருந்து வரும் குறிப்பைக் கவனித்து நடப்பதும் கற்பித்தலின் இலக்கணம் என்றால், இதுவும் கற்பித்தல்தான் என்றார்கள் அவர்கள். மேலே சொன்ன டயாகாமா எறும்புகளும் வீடு மாறும்போது இப்படித்தான் ஒவ்வொன்றாக அழைத்துச் செல்கின்றன. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுமனா அன்னகிரி குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்து வருகிறார்கள்.

முந்திரித் தோப்பின் காவலாளி

இனி நம் ஊர்த் தோப்புகளுக்கு வருவோம். முந்திரிக் கொட்டை பொறுக்கப் போகும் பிள்ளைகள் முசுறைப் பற்றி நமக்கே பாடம் எடுப்பார்கள். சங்க இலக்கியத்தில் முயிறு என்று வருவதும் இதுதான். மரத்தின் இலைகளைச் சேர்த்துப் பந்து போலக் கூடு கட்டும் சிவந்த எறும்பு.

கூடு கட்டும் விதத்தைப் பாருங்கள். எறும்புகள் ஒன்றன் இடுப்பை ஒன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்கி, எட்டாத இலையை இழுத்து நெருக்குகின்றன. ஒட்டுவதற்கு வேண்டிய பட்டு இழை வளர்ந்த எறும்புகளிடம் இல்லை. புழுப் பருவத்தில் இருப்பவற்றிடம்தான் இருக்கிறது. எனவே பெரிய எறும்புகள் புழுக்களை வாயில் கவ்வி வந்து, தறியில் நாடா ஓடுவதுபோல இந்த இலைக்கும் அந்த இலைக்கும் மாறி மாறித் தொடுகின்றன. புழு இழை விடுகிறது, இலைகள் ஒட்டிக்கொள்கின்றன. குழந்தைப் பருவத்தின் உழைப்பில் குடும்பத்துக்கு வீடு எழுகிறது. எல்லையைக் காக்கும் வேலை பெரும்பாலும் வயது முதிர்ந்த எறும்புகளுடையது. இழக்கப்போகும் நாள்கள் அவற்றுக்குக் குறைவு என்பதால், ஆபத்தான வேலையை அவை செய்வது கூட்டுக்கு லாபம்.

முந்திரிக்குப் பெரும் எதிரி தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி. தளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சிக் கருகச் செய்துவிடும். முசுறு நடமாடும் மரங்களில் இந்தப் பூச்சியின் சேதம் குறைகிறது என்பதை ஆஸ்திரேலிய முந்திரித் தோப்புகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சீன விவசாயிகள் ஆரஞ்சு மரங்களைக் காக்க இதே எறும்பின் கூடுகளை விலைக்கு வாங்கிக் கட்டிய செய்தி, ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முந்தையதாகக் கருதப்படும் நூலில் இருக்கிறது. கொட்டை பொறுக்குபவர்களுக்கு முசுறுக் கடி தொல்லைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டைக் கண்டவுடன் கொளுத்துவதா, அறுவடைப் பாதையில் இருப்பதை மட்டும் அகற்றுவதா என்று யோசிக்க, அது மரத்துக்குச் செய்யும் வேலை தெரிந்திருக்க வேண்டும்.

பருத்தியில் வேறு கதை

அப்படியானால் எறும்பு விவசாயியின் நண்பன் என்று எழுதிப் போட்டுவிடலாமா? பருத்திக் காட்டுக்குப் போனால் கதை மாறுகிறது.

பருத்திச் செடியின் தண்டில் எறும்புகள் மேலும் கீழும் ஓடினால் அவை பருத்தியைத் தின்ன வரவில்லை. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் வெள்ளை மாவு பூசியது போல மாவுப்பூச்சியோ, கூட்டமாக அசுவினியோ இருக்கும். அவை செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சும் சர்க்கரையைத் தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகின்றன. அந்த இனிப்புக்குத்தான் எறும்பு வருகிறது. நாம் மாட்டைப் பேணிப் பால் கறப்பதுபோல எறும்பு மாவுப்பூச்சியைப் பேணுகிறது. அதைத் தின்ன வரும் பொறிவண்டின் புழுவையும், அதன் உடலில் முட்டையிட வரும் சிறு குளவியையும் விரட்டுகிறது. சில வேளைகளில் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதிய செடியில் விடுவதும் உண்டு. 2000-களின் நடுவில் இந்தியப் பருத்தி வயல்களில் பெரும் சேதம் விளைவித்த மாவுப்பூச்சியின் அறிவியல் பெயரிலேயே ‘சொலினாப்சிஸ்’ என்ற எறும்பின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1898-இல் அதை முதன்முதலில் விவரித்தபோது, அமெரிக்காவில் அந்த எறும்பின் கூட்டிலிருந்துதான் எடுத்திருந்தார்கள்.

செடியில் எறும்பு ஏறுவதைக் கண்டதும் எறும்புக்கென்று பொடி தூவுவதும், எதற்கும் இருக்கட்டும் என்று மருந்தடிப்பதும் நடக்கிறது. அந்த மருந்தில் பொறிவண்டும் குளவியும் சாகின்றன. மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் அது தப்பிவிடுகிறது. அடுத்த வாரம் இன்னும் கடுமையான மருந்து தேவைப்படுகிறது. 2017-இல் பருத்திக்கு மருந்தடித்தபோது நச்சு தாக்கி நம் பெரம்பலூர் மாவட்ட விவசாயிகள் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். எனவே ‘எறும்பு ஏன் இந்தச் செடியில் ஏறுகிறது?’ என்ற கேள்வி நம் மாவட்டத்தில் வெறும் அறிவியல் மன்றக் கேள்வி அல்ல. எறும்பு காட்டிக்கொடுத்த செடியைப் பார்த்து, பூச்சி பிடித்த கிளையை வெட்டி அகற்றி, வரப்பிலுள்ள துத்தியையும் பார்த்தீனியத்தையும் ஒழித்து, பொறிவண்டு இருக்கிறதா என்று கவனித்து, அதன்பிறகும் தேவையென்றால் வேளாண் அலுவலரிடம் கேட்டு மருந்தடிப்பது ஒரு வழி. பார்க்காமலே அடிப்பது இன்னொரு வழி.

கரந்தமலையும் கிறிஸ்துமஸ் தீவும்

எறும்பின் கூட்டு வாழ்க்கை எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று கிடைத்தது. 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியிலுள்ள கரந்தமலையைச் சுற்றிய கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்புகள் பெருகின. தாறுமாறாக ஓடுவதால் வந்த பெயர் அது. இவை கடிப்பதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகின்றன. ஆடு மாடுகளின் கண்கள் பாதிக்கப்பட்டதாகவும், மலையடிவாரத்தில் மேய்க்கப் போகவே முடியவில்லை என்றும் மக்கள் சொன்னார்கள்.

சாதாரணமாக, பக்கத்துக் கூட்டு எறும்பு வந்தால் உடல் வாசனையை வைத்து அந்நியன் என்று அறிந்து சண்டையிடுவார்கள். இந்த எறும்பு பெருகிய இடங்களில் அந்தச் சண்டை இல்லை. பல ராணிகளோடு கூடுகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே பெருங்கூட்டமாகிவிடுகின்றன. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் இவை ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிவப்பு நண்டுகளைக் கொன்றதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஒற்றுமை எப்போதும் எல்லோருக்கும் நல்லதாக முடிவதில்லை என்பதை எறும்பே காட்டுகிறது.

அந்தத் தீவில் கண்ட தீர்வு நம் பருத்திக் காட்டுக்கும் பாடமாகும். எறும்புகளுக்கு இனிப்புக் கழிவைத் தந்துகொண்டிருந்தது, மரங்களில் ஒட்டியிருந்த ஒரு செதில் பூச்சி. 2016 டிசம்பரில், மலேசியாவிலிருந்து கொண்டுவந்த மிகச் சிறிய குளவி ஒன்றை அங்கே விட்டார்கள். அது செதில் பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதைக் குறைக்கும். எறும்பைத் துரத்துவதை விட்டு, எறும்பின் அடுப்படியைப் பார்த்தார்கள்.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளில் எண்ணுவதிலிருந்து ஆரம்பிக்கலாம். நிழலான இடத்தில் மூன்று காகிதத் துண்டுகளில் சிறிது சர்க்கரை, தேங்காய்த் துருவல், கருவாட்டுத் தூள் வைக்கவும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் எத்தனை எறும்பு என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் ஓர் அட்டவணை கிடைத்துவிடும். எண்ணும் எழுத்தும் வகுப்புக்கு இதைவிட உயிருள்ள எண்கள் கிடைக்காது. வாசலில் அரிசி மாவுக் கோலம் போடும் வீட்டுப் பிள்ளைகள், மாவு எந்தப் பக்கமாக நகர்கிறது என்று பார்த்து வந்து சொல்லலாம்.

ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு வானவில் மன்ற நேரம் பொருத்தமானது. எறும்பு வரிசையின் குறுக்கே தரையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். வந்த எறும்புகள் அந்த இடத்தில் தயங்கும், சுற்றும். மீண்டும் வரிசை சேர எத்தனை நிமிடம் ஆகிறது? உணவை எடுத்துவிட்டால் எத்தனை நிமிடத்தில் வரிசை கலைகிறது? தடிமனான அட்டையில் நீளப் பாலமும் குட்டைப் பாலமும் செய்து பிரஸ்ஸல்ஸ் சோதனையை நம் பள்ளியிலேயே செய்யலாம். எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும் நல்லதே; ஏன் வரவில்லை என்பது அடுத்த பாடவேளையின் கேள்வி.

உயர்நிலை வகுப்புகளுக்கு வயல் ஆய்வு கொடுக்கலாம். மருந்தடித்து நாளாகாத வயலாக இருக்கக் கூடாது என்பதை உறுதி செய்துகொண்டு, எறும்பு ஏறும் பத்துச் செடிகளையும் ஏறாத பத்துச் செடிகளையும் தேர்ந்து, இலையின் அடிப்பக்கத்தில் மாவுப்பூச்சி, அசுவினி, பொறிவண்டு எத்தனை என்று குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு பட்டியலையும் ஒப்பிடும்போது எறும்பின் வேலை அவர்களுக்கே புரியும்.

ஓர் எச்சரிக்கை. செவ்வெறும்பு கொட்டினால் சிலருக்கு ஒவ்வாமை வரும். கூட்டைக் கிளற விடக் கூடாது. முசுறுக் கூட்டை எட்ட நின்றே பார்க்கட்டும். பார்த்து முடித்ததும் எறும்பை நசுக்காமல் விடுவதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

பழமொழி கரும்பலகையில் இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு கேள்வியையும் எழுதி வைப்போம்: ‘எறும்பு எங்கே போகிறது, ஏன்?’ முந்திரியில் காவலாக நிற்கும் உயிரின் இனமே பருத்தியில் பகைவனைப் பேணுகிறது. அது நல்லதா கெட்டதா என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. பார்த்துத்தான் சொல்ல முடியும். மருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டும் அப்பாவிடம், “இருங்கப்பா, இலையைத் திருப்பிப் பார்த்துட்டு அடிக்கலாம்” என்று ஒரு பிள்ளை சொன்னால், நாம் நடத்திய பாடம் வயல்வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.